வடசென்னையில் குழந்தைகளுக்கான கைவினைப் பட்டறை: குறைந்த செலவில் நடத்த ஒரு முழுமையான வழிகாட்டி

தண்டையார்பேட்டையில் ஒரு மொட்டை மாடியில் நாங்கள் நடத்திய முதல் ஓவிய வகுப்பில், எட்டு வயதுச் சிறுவன் ஒருவன் தனக்குக் கொடுத்த பெரிய வெள்ளைத் தாளின் ஓரத்தில் கட்டைவிரல் அளவுக்கு ஒரு மீனை மட்டும் வரைந்துவிட்டு, அதையும் அழித்து அழித்துத் திருத்திக்கொண்டிருந்தான். தாள் முழுவதும் காலியாகக் கிடக்கும்போது ஏன் மூலையிலேயே வரைகிறாய் என்று கேட்டேன். "தப்பாப் போய்ட்டா வேற பேப்பர் குடுப்பீங்களா அக்கா?" என்று அவன் திருப்பிக் கேட்டான். ஒரு குழந்தைக்கு ஒன்று என்று எண்ணி வாங்கிய இருபது விலையுயர்ந்த தாள்கள்தாம் அன்று எங்களிடம் இருந்தன. அவனுக்கு உண்மையான பதில் சொல்வதென்றால், தர முடியாது என்றுதான் சொல்லியிருக்க வேண்டும்.

அடுத்த வாரமே தாளை மாற்றினோம். அச்சகங்களில் வெட்டி ஒதுக்கும் துண்டுத் தாள்களை மூட்டையாக வாங்கி நடுவில் கொட்டிவைத்தபோது, அதே சிறுவன் ஒரு மணி நேரத்தில் பதினோரு மீன்களை வரைந்தான். கடைசி மீன் தாளுக்குள் அடங்காமல் வால் வெளியே போய்விட்டதால், இன்னொரு தாளை ஒட்டி அதில் வாலை முடித்தான். செலவைக் குறைப்பது என்று இந்த வழிகாட்டியில் நான் சொல்வதெல்லாம், பத்துத் தாள் வீணானாலும் யாரும் முகம் சுளிக்க வேண்டியிராத அளவுக்குப் பொருளைத் தாராளமாகக் கையில் வைத்துக்கொள்வதைத்தான். கீழே வரும் ஒவ்வொரு படியும் அதை மனத்தில் வைத்தே எழுதப்பட்டது.

இடம், நேரம், பிள்ளைகளின் எண்ணிக்கை

முதல் பட்டறைக்கு இருபது பிள்ளைகளுக்கு மேல் சேர்க்க வேண்டாம். இருபது பேருக்கு வகுப்பை நடத்த ஒருவரும் உதவிக்கு இருவரும் தேவை. ஆறு முதல் எட்டு வயது வரை ஒரு குழுவாகவும், ஒன்பது முதல் பதின்மூன்று வரை இன்னொரு குழுவாகவும் பிரிப்பது நல்லது. இரு வயதினரையும் சேர்த்து உட்காரவைத்தால், பெரிய பிள்ளைகள் அன்போடு சின்னவர்களின் வேலையைத் தாங்களே செய்து முடித்துவிடுவார்கள். சின்னவர்களுக்குக் கத்தரிக்கோலைத் தொடும் வாய்ப்பே கிடைக்காது.

இடத்திற்குப் பெரிய ஏற்பாடு தேவையில்லை. கிளை நூலகம், சமுதாய நலக்கூடம், தேவாலயத்தின் பக்கத்து அறை, வாரியக் குடியிருப்பின் மொட்டை மாடி என எதுவானாலும், தண்ணீர்க் குழாயும் நிழலும் பிள்ளைகள் தயக்கமின்றிப் பயன்படுத்தக்கூடிய கழிப்பறையும் இருந்தால் போதும். மேசை நாற்காலியைத் தேடி அலையாமல் பாயை விரித்துத் தரையில் உட்காருங்கள். அப்போதுதான் வண்ணம் கொட்டினாலும் உயரத்திலிருந்து கொட்டாது. மொட்டை மாடி என்றால் ஓர் எச்சரிக்கை: கடலுக்கு அருகில் உள்ள ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர்ப் பகுதிகளில் பெரும்பாலான நாட்களில் நண்பகலை ஒட்டிக் கடற்காற்று எழும், தாள்கள் அடுத்த தெருவுக்குப் பறந்துவிடும். ஒரு பக்கெட் நிறையக் கூழாங்கல் வைத்துக்கொண்டு ஒரு பிள்ளைக்கு இரண்டு கல் என்று கொடுத்துவிடுங்கள். பிள்ளைகள் பின்னால் அந்தக் கல்லிலும் வரைவார்கள்.

நேரத்தை நீங்களாக முடிவு செய்யாமல் அந்தத் தெருவில் உள்ள அம்மாக்களிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். தண்ணீர் லாரி எப்போது வரும், டியூஷன் எந்த நாட்களில், ஞாயிறு காலைத் திருப்பலி எத்தனை மணிக்கு முடியும், மதரசா வகுப்பு எப்போது என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும். பத்து வயதுப் பெண்ணைக் குடத்தோடு வரிசையில் நிற்கவேண்டிய நேரத்தில் பட்டறைக்கு அழைத்தால், அவள் வரமாட்டாள். அவளுக்கு ஆர்வம் இல்லை என்று நாம் தவறாக எண்ணிக்கொள்வோம்.

அதைப் போலவே இன்னொன்றும் உண்டு. பல பெண் குழந்தைகள் இடுப்பில் ஒரு தம்பியையோ தங்கையையோ சுமந்துகொண்டுதான் வருவார்கள். கைக்குழந்தையோடு வரக்கூடாது என்று விதி வைத்தால், அந்தப் பெண்ணையே வெளியே நிறுத்தியதாகிவிடும். ஒரு மூலையில் பாய் விரித்து, பிசைந்த கோதுமை மாவும் சில கிண்ணங்களும் வைத்து, உதவியாளர் ஒருவரை அங்கே உட்காரவைத்துவிடுங்கள். அந்த மூலைக்கு மணி, பொத்தான், பாட்டில் மூடி போன்ற விழுங்கக்கூடிய எதையும் கொண்டுபோகக் கூடாது.

பொருள் சேர்த்தல்

வடசென்னைக்காரர்களுக்கு வாய்த்த பெரிய வசதி பாரிமுனை. ஆண்டர்சன் தெருவும் பந்தர் தெருவும் தாள், அட்டை, அழைப்பிதழ், எழுதுபொருள் ஆகியவற்றின் மொத்த வியாபாரத்துக்குப் பெயர்போனவை. உயர் நீதிமன்ற மெட்ரோ நிலையத்தில் இறங்கினால் நடந்தே போய்விடலாம். ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும் என்பதால் வாரநாளில் போங்கள். புதிய தாளை விலை கேட்பதற்கு முன், வெட்டிய மிச்சத் தாள் கிடைக்குமா, எடைக்குத் தருவார்களா என்று விசாரியுங்கள். அழைப்பிதழ் அச்சிடும் இடங்களில் ஒதுக்கிவைத்திருக்கும் தடித்த அட்டைத் துண்டுகள், எந்தக் கைவினைக் கடையிலும் கிடைக்காத அளவுக்கு விதவிதமான நிறத்தில் இருக்கும். சார்ட் தாள் வாங்குவதாக இருந்தால், 22க்கு 28 அங்குலமுள்ள ஒரு தாளை நீளவாக்கில் நான்காகவும் அகலவாக்கில் இரண்டாகவும் வெட்டினால், 7க்கு 11 அங்குலத்தில் எட்டுத் துண்டுகள் மிச்சமின்றிக் கிடைக்கும்.

துணிக்கு வண்ணாரப்பேட்டையின் தையற்கடைகள் போதும். வெட்டுத் துண்டுகளை ஒரு கோணிப்பையில் போட்டு வையுங்கள், வாராவாரம் வந்து எடுத்துக்கொள்கிறோம் என்று சொன்னால், பெரும்பாலானவர்கள் மகிழ்ச்சியோடு தருவார்கள். சொன்ன நாளில் தவறாமல் போய் எடுப்பதுதான் முக்கியம். செய்தித்தாள், பால் கவர், தேங்காய் ஓடு, சோடா மூடி, தீப்பெட்டி ஆகியவற்றைப் பிள்ளைகளையே கொண்டுவரச் சொல்லலாம். கட்டணம் வாங்குவதைக் காட்டிலும், வாரம் ஒரு பொருள் கொண்டுவர வேண்டும் என்ற வழக்கம் எனக்குப் பிடித்திருக்கிறது. தான் கொண்டுவந்த மூடி வேறொருவனின் வண்டிக்குச் சக்கரமாகிவிட்டதைப் பார்க்கும் பிள்ளைக்கு அந்தப் பட்டறை சொந்தமாகிவிடுகிறது.

பணம் கொடுத்து வாங்க வேண்டியவை சிலவே: மழுங்கிய முனையுள்ள கத்தரிக்கோல் பத்து, தட்டைத் தூரிகை இருபது, சிவப்பு, மஞ்சள், நீலம், வெள்ளை, கறுப்பு ஆகிய ஐந்து நிறங்களில் பெரிய போஸ்டர் கலர் பாட்டில்கள், ஒரு கிலோ ஃபெவிகால். பன்னிரண்டு நிறம் கொண்ட சிறு பெட்டிகளை வாங்கவே வேண்டாம். அவை ஒரே வகுப்பில் தீர்ந்துபோகும். பச்சை எப்படி உண்டாகிறது என்று கண்டுபிடிக்கும் வாய்ப்பையும் பிள்ளையிடமிருந்து பறித்துவிடும்.

பசை காய்ச்சுதல்

ஃபெவிகாலை மரத்துக்கும் தேங்காய் ஓட்டுக்கும் மட்டும் வைத்துக்கொண்டு, தாள் வேலை முழுவதற்கும் மைதாப் பசையைப் பயன்படுத்தினால் செலவு பாதியாகக் குறையும். ஒரு கப் மைதாவை ஒரு கப் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்துக்கொள்ளுங்கள். நான்கு கப் தண்ணீரைக் கொதிக்கவைத்து, அதில் கரைத்த மாவைக் கைவிடாமல் கிளறிக்கொண்டே ஊற்றுங்கள். நான்கைந்து நிமிடங்களில் வெண்மை குறைந்து, மாவு கண்ணாடிபோல் பளபளப்பாகும்போது இறக்கிவிடலாம். ஆறும்போது இன்னும் கெட்டிப்படும் என்பதால், அடுப்பில் இருக்கும்போது சற்றே தளர்வாக இருப்பதுதான் சரியான பதம். ஒரு தேக்கரண்டி உப்பு சேர்த்தால் கொஞ்ச நேரம் கூடுதலாகத் தாங்கும். ஆனாலும் நமது வெயிலுக்கு அது மறுநாளே புளித்துவிடும். பட்டறை நாளன்று காலையில் காய்ச்சுவதே நல்லது.

சுவரொட்டி ஒட்டுபவர்கள் பசை கெடாமல் இருக்க மயில்துத்தம் சேர்ப்பதுண்டு. அது நஞ்சு. யார் யோசனை சொன்னாலும் குழந்தைகளின் பசையில் அதைச் சேர்க்காதீர்கள்.

இதே பசையைப் போஸ்டர் கலரோடு சமபங்கு கலந்தால் வண்ணம் இரட்டிப்பாகும். ஓடாமல் தடிப்பாகவும் நிற்கும். விரலால் தீட்டுவதற்கும் அச்சுப் பதிப்பதற்கும் இதைவிடப் பொருத்தமானதை நான் பயன்படுத்தியதில்லை.

முதல் சில அமர்வுகளில் என்ன செய்வது

முதல் நாள் கிழிப்பதில் தொடங்குங்கள். கத்தரிக்கோலைப் பற்றிய பயமும் வரைதல் பற்றிய கூச்சமும் கிழிப்பதில் இல்லை. செய்தித்தாளை ஒரு திசையில் கிழித்தால் கோடு போட்டதுபோல் நேராக வரும். மறு திசையில் கிழித்தால் கோணலாகப் பிய்ந்து போகும். தாள் செய்யும்போது நார்கள் பெரும்பாலும் ஒரே திசையில் படிவதுதான் இதற்குக் காரணம். இதைச் சொல்லிக்கொடுக்காமல், "நேராகக் கிழியும் பக்கம் எது என்று கண்டுபிடியுங்கள்" என்று மட்டும் சொல்லிவிட்டு ஐந்து நிமிடம் விட்டுவிடுங்கள். பிறகு அந்தத் துண்டுகளை ஒட்டி அலை, படகு, கூரை என்று எதை வேண்டுமானாலும் செய்யச் சொல்லலாம்.

இரண்டாவது அமர்வுக்கு மஞ்சள். இதை விரிவாகச் சொல்கிறேன். நாங்கள் நடத்தியவற்றில் பிள்ளைகள் வீட்டுக்குப் போய் மறுபடியும் செய்துபார்த்தது இது ஒன்றுதான். அரை டம்ளர் தண்ணீரில் இரண்டு தேக்கரண்டி மஞ்சள்தூளைக் கரைத்து, தடித்த வெள்ளைத் தாளின் மேல் துணியால் பூசி, வெயிலில் இருபது நிமிடம் உலரவிடுங்கள். துணி சோப்பைத் துருவி இன்னொரு கிண்ணத்தில் கெட்டியாகக் கரைத்துக்கொள்ளுங்கள்; சமையல் சோடா கரைத்த நீரும் ஆகும். காது குடையும் பஞ்சுக் குச்சியை அதில் தோய்த்து மஞ்சள் தாளில் கோடிட்டால், கோடு கண்ணெதிரே செம்பழுப்பாக மாறும். பிள்ளைகள் குச்சியைத் தூக்கிப் பார்ப்பார்கள். சிவப்பு எங்கிருந்து வந்தது என்று கிண்ணத்துக்குள் எட்டிப் பார்ப்பார்கள். வீட்டில் ஆரத்தி கரைக்கும்போது மஞ்சள் நீரில் சுண்ணாம்பு சேர்த்ததும் சிவப்பாகுமே, அதுவும் இதுவும் ஒன்று என்பதை யாராவது ஒரு பிள்ளை தானாகவே சொல்லும், சொல்லும்வரை காத்திருங்கள். மஞ்சளில் உள்ள நிறப்பொருள் காரத்தன்மை பட்டால் சிவக்கிறது. எலுமிச்சைச் சாற்றைத் தொட்டுவைத்தால் அந்த இடம் மறுபடியும் மஞ்சளாகிறது. ஆக, சிவப்பால் வரைந்து எலுமிச்சையால் அழிக்கலாம். சுண்ணாம்பைப் பிள்ளைகள் கையில் கொடுக்க வேண்டாம், அது கண்ணைப் பொசுக்கிவிடும். மஞ்சள் நிறம் வெயிலில் மங்கக்கூடியது என்பதையும், சட்டையில் பட்டால் எளிதில் போகாது என்பதையும் முன்கூட்டியே சொல்லிப் பழைய சட்டை போட்டுவரச் சொல்லுங்கள்.

அச்சுப் பதித்தலைக் காய்கறியால் செய்யலாம். குறுக்கே வெட்டிய வெண்டைக்காய் பூவாகப் பதியும். வாழைமட்டையை வெட்டிப் பதித்தால் வலைக்கண் வலைக்கண்ணாக விழும். ஆனால் வீட்டில் காய் வாங்க யோசிக்கும் குடும்பத்துப் பிள்ளையின் முன்னால் நல்ல காயை வண்ணத்தில் தோய்ப்பது எனக்கு ஏற்புடையதாக இல்லை. முற்றிய வெண்டைக்காயையும், நறுக்கும்போது ஒதுக்கும் காம்புப் பகுதியையும், சந்தையில் வீசிக் கிடக்கும் மட்டையையும் மட்டுமே நாங்கள் பயன்படுத்துகிறோம். வண்ணத்தில் நேரடியாகத் தோய்க்காமல், நான்காக மடித்த பழைய பருத்தித் துணியை ஒரு தட்டில் வைத்து அதில் வண்ணத்தை ஊறவிட்டு, அதன்மேல் ஒற்றி எடுத்தால் அச்சு தெளிவாக விழும்.

களிமண்ணுக்குக் கொசப்பேட்டை இருக்கிறது. விநாயகர் சிலை செய்யும் குயவர்கள் அங்கே வாழ்கிறார்கள். சதுர்த்திக்கு முந்தைய வாரங்களில் அவர்களுக்குத் தலைதூக்க நேரமிருக்காது. அது முடிந்தபின் போய்க் கேளுங்கள். ஒரு பிள்ளைக்குக் கால் கிலோ என்று இருபது பேருக்கு ஐந்து கிலோ போதும். ஈரத்துணியில் சுற்றிப் பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்தால் பல நாள் பதமாக இருக்கும். இரண்டு பாகங்களை ஒட்டும்போது, ஒட்டும் இடங்களைக் குச்சியால் கீறிவிட்டு, குழைத்த மண்ணைத் தடவி அழுத்த வேண்டும். இதைச் செய்யாத யானைகளுக்கெல்லாம் வீடு போவதற்குள் தும்பிக்கை விழுந்துவிடும். ஒரு விரல் தடிமனுக்கு மேல் போகவிடாமல், நிழலில் மெதுவாக உலரவிடுங்கள். சுடாத மண் தண்ணீர் பட்டால் கரையும் என்பதைப் பிள்ளைகளிடம் சொல்லிவிடுங்கள். உடைந்தவற்றை வாளியில் ஊறவைத்தால் மறுபடியும் மண்ணாகிவிடும்.

கோலத்துக்குத் தனி விளக்கம் தேவையில்லை. ஏழு புள்ளியில் தொடங்கி நான்கில் முடியும் ஊடுபுள்ளிக் கோலத்தை ஓர் அம்மாவோ பாட்டியோ வந்து கற்றுக்கொடுப்பார்கள். ஆண் பிள்ளைகளையும் கட்டாயம் உட்காரவையுங்கள்.

நான் மிகவும் விரும்பும் அமர்வு வலை பின்னுவது. ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. காசிமேட்டில் படகுகள் ஓய்ந்திருக்கும் அந்தக் காலத்தில் அப்பாக்களும் தாத்தாக்களும் கரையில் உட்கார்ந்து வலையைச் சரிசெய்துகொண்டிருப்பார்கள். பள்ளி விடுமுறையும் அதே மாதங்களில்தான் வருகிறது. ஒரு தாத்தாவை ஆசிரியராக அழைத்து உட்காரவையுங்கள். நைலான் நூல் பிஞ்சுக் கையை அறுக்கும் என்பதால் பருத்தி நூல் வாங்குங்கள். அழைப்பிதழ் அட்டையை இருபுறமும் பிளவுபட வெட்டி, அதில் நூலைச் சுற்றிவிட்டால் அதுவே ஊசியாகிவிடும். இரண்டு விரல் அகலமுள்ள இன்னொரு அட்டையை அளவுகோலாக வைத்து, ஒவ்வொரு சுற்றையும் அதன்மேல் சுற்றி முடிச்சிட்டால் எல்லாக் கண்களும் ஒரே அளவாக வரும். மூன்று வகுப்புகளில் ஒரு பந்துப் பை தயாராகிவிடும். எங்கள் பட்டறையில் முதல் நாள் வாயே திறக்காத ஒரு சிறுமி, "தாத்தா, எங்க ஆயா இப்படிப் போட மாட்டாங்க, இந்தப் பக்கமா இழுப்பாங்க" என்று சொல்லி அவர் கையிலிருந்து நூலை வாங்கிக் காட்டினாள். அவர் பொறுமையாகப் பார்த்துவிட்டு, "இதுவும் சரிதான்மா, எங்க அப்பா அப்படித்தான் போடுவாரு" என்றார்.

வகுப்பை நடத்தும் முறை

மொத்தம் ஒன்றரை மணி நேரம் போதும். பொருளைத் தொட்டுப் பார்க்கப் பத்து நிமிடம், செய்முறையைக் காட்டப் பத்து நிமிடம், செய்வதற்கு ஐம்பது நிமிடம், மீதி சுத்தம் செய்வதற்கும் பேசுவதற்கும். சுத்தம் செய்வதை வகுப்பின் பகுதியாகவே வையுங்கள். தூரிகையைக் கழுவி முனையை மேலே பார்த்து நிற்கவைக்கத் தெரிந்த பிள்ளைகள் இருந்தால் தூரிகைகள் நீண்ட நாள் உழைக்கும்.

செய்முறையைக் காட்டலாம், ஆனால் முடித்த பொருளைக் காட்டக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. ஒரு முறை எங்களுக்கு நன்கொடையாக வந்த முகமூடிப் பெட்டிகளில், வெட்டி முடித்த அட்டையும் ஒட்டவேண்டிய இடத்தைக் காட்டும் புள்ளிகளும் இருந்தன. இருபது பிள்ளைகளும் இருபது புலிகளைச் செய்தார்கள். எது யாருடையது என்று அவர்களுக்கே தெரியவில்லை, பலர் எடுத்துக்கொண்டு போகவும் இல்லை. பதமான பசை எப்படி இருக்கும், முடிச்சு எப்படி விழும் என்பவற்றைக் காட்டுங்கள். எதைச் செய்வது என்பதைப் பிள்ளையிடமே விடுங்கள்.

பிள்ளையின் தாளில் உங்கள் கை படவே கூடாது. எப்படி வரைவது என்று கேட்டால், தனித் தாளில் வரைந்து காட்டிவிட்டு அந்தத் தாளை எடுத்துவிடுங்கள். "சூப்பர்" என்று பொதுவாகப் பாராட்டுவதைவிட, "இந்தப் படகுக்கு ஏன் இரண்டு கொடி?" என்று கேட்பது பிள்ளையை நீண்ட நேரம் பேசவைக்கும். போட்டியும் பரிசும் வேண்டாம். அருகில் இருப்பவனின் தாளை எட்டிப் பார்த்து வரைபவனைத் தடுக்கவும் வேண்டாம். பார்த்துச் செய்வதும் கற்பதுதான்.

வரையத் தெரிந்தவர்கள் வேண்டும் என்று நினைத்தால், 1850இல் தொடங்கப்பட்டு இன்று பெரியார் ஈ.வெ.ரா. சாலையில் இருக்கும் அரசு கவின் கலைக் கல்லூரியின் மாணவர்களை அணுகலாம். இந்தப் பகுதிகளிலிருந்தே போய் அங்கே படிப்பவர் ஒருவர் கிடைத்தால், "இதுல படிச்சு என்னக்கா ஆவாங்க?" என்ற கேள்விக்கு அவரே பதில் சொல்வார்.

பாதுகாப்பு

எந்த நேரத்திலும் இரண்டு பெரியவர்கள் சேர்ந்தே இருக்க வேண்டும். ஒருவர் மட்டும் ஒரு குழந்தையோடு தனியறையில் இருக்கும் நிலை வரக்கூடாது. கதவு திறந்தே இருக்கட்டும். பெற்றோரின் தொலைபேசி எண்ணும், யார் வந்து அழைத்துப் போவார்கள் என்பதும் முதல் நாளே ஏட்டில் இருக்க வேண்டும். பெற்றோர் சம்மதமின்றிப் படம் எடுக்காதீர்கள். எடுத்தாலும் குழந்தையின் பெயரோடும் முகவரியோடும் எங்கும் பகிராதீர்கள். களிமண்ணிலோ படத்திலோ ஒரு பிள்ளை தனக்கு நேர்ந்த துன்பத்தைச் சொல்லிவிடுவதும் உண்டு. குறுக்கு விசாரணை செய்யாமல் கேட்டுக்கொண்டு, குழந்தைகள் உதவி எண் 1098க்குத் தெரிவியுங்கள். 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, பாலியல் குற்றம் நடந்தது தெரிந்தால் புகார் அளிப்பது உங்கள் கடமையும் ஆகும்.

கத்தரிக்கோலை எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்குங்கள். சூடான பசைத் துப்பாக்கியைப் பெரியவர்கள் மட்டுமே தொட வேண்டும். தெர்மாகோலைச் சூட்டால் வெட்டினால் நச்சுப்புகை வரும். அந்த வேலையே வேண்டாம். துறைமுகத்திலிருந்து வலைத் துண்டு கொண்டுவந்தால், தூண்டில் முள் சிக்கியிருக்கிறதா என்று பார்த்து, சோப்பு நீரில் ஊறவைத்து அலசிய பிறகே பயன்படுத்துங்கள்.

மழைக்காலமும் கணக்கும்

அக்டோபர் முதல் டிசம்பர் வரை காகிதக்கூழ் வேலையை வைக்காதீர்கள். அது உலராமல் பூசணம் பிடித்துவிடும். வியாசர்பாடி, கொருக்குப்பேட்டை போன்ற தண்ணீர் தேங்கும் இடங்களில், பொருள் மூட்டையை முதல் மாடிக்கு மேல்தான் வைக்க வேண்டும். அந்த மாதங்களுக்குத் துணி வேலையும் வலை வேலையும் ஏற்றவை.

மேலே சொன்னபடி பொருள் சேர்த்தால், எங்கள் கணக்கு ஏட்டின்படி ஒரு பிள்ளைக்கு ஓர் அமர்வுக்கு ஏறக்குறைய 15 முதல் 20 ரூபாய் ஆகிறது; இதில் கத்தரிக்கோல், தூரிகை வாங்கிய முதல் செலவும் பிள்ளைகளுக்குத் தின்னக் கொடுக்கும் சுண்டலின் செலவும் சேரவில்லை. சுண்டலை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் நிறுத்தாதீர்கள். நன்கொடை தருபவரிடம் பணமாகக் கேட்பதைவிட "ஒரு மாதச் சுண்டல்", "இருபது தூரிகை" என்று பொருளாகக் கேட்டால் எளிதில் கிடைக்கிறது. பெறுவதையும் செலவழிப்பதையும் அன்றன்றே எழுதி, பெற்றோர் பார்க்கும்படி சுவரில் ஒட்டிவையுங்கள்.

பார்வைக்கு வைத்தல்

எட்டு அமர்வுகள் முடிந்ததும் தெருவிலேயே பார்வைக்கு வையுங்கள். இரண்டு வீடுகளுக்கு இடையே துணிக்கொடி கட்டி, துணி கவ்வும் கிளிப்பில் படங்களைத் தொங்கவிட்டால் போதும். நல்லவற்றைத் தேர்ந்தெடுக்காமல் எல்லாப் பிள்ளைகளின் வேலையும் தொங்கட்டும். எதைத் தொங்கவிடுவது என்பதை அந்தப் பிள்ளையே முடிவு செய்யட்டும். ஒவ்வொன்றின் பின்னாலும் பெயரையும் தேதியையும் அவர்களே எழுத வேண்டும், எழுத்துப்பிழை இருந்தாலும் திருத்தாதீர்கள். கடலில் இருந்து வரும் அப்பாக்களும் வேலை முடிந்து திரும்பும் அம்மாக்களும் பார்க்கும்படி மாலை ஆறு மணிக்கு மேல் தொடங்கி, தெருவிளக்கு வெளிச்சம் விழும் இடமாகக் கொடியைக் கட்டுங்கள். முடிந்ததும் படங்கள் அன்றிரவே வீட்டுக்குப் போய்விட வேண்டும். மிச்சத் தாள் மூட்டையை மட்டும் பிரித்தபடியே வைத்துவிடுங்கள், பார்க்க வந்த மற்றப் பிள்ளைகள் அதிலிருந்து ஒன்றை உருவிக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிடுவார்கள்.